பெரிய கோழிகளோடு குஞ்சுகளைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்ணையிலிருந்து ஒரு மாதக் குஞ்சுகளை வாங்கி வருகிறோம். சாயங்காலம் அவற்றை அப்படியே பெரிய கோழிகள் அடையும் கூண்டுக்குள் விட்டுவிடுகிறோம். நாலு கொத்து வாங்கினால் தானாகப் பழகிவிடும் என்று நினைப்பு. விடிந்து பார்த்தால் ஒன்று மண்டை கிழிந்து கிடக்கும், இன்னொன்று இரை எடுக்காமல் மூலையில் ஒடுங்கி நிற்கும். பெரிய கோழியைப் பொல்லாதது என்று திட்டிப் பயனில்லை, அது தன் இயல்புப்படிதான் நடந்துகொண்டது.

கோழிக்கூட்டத்தில் யார் முதலில் இரை எடுப்பது, யார் வழிவிட்டு ஒதுங்குவது என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரரான ஷெல்டெருப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் இதை முறையாகக் கவனித்து எழுதினார். புதிதாக ஒன்று வந்தால் அந்த வரிசை கலைந்து, மறுபடியும் கொத்தித்தான் நிலைக்கு வரும். பல நேரம் வரிசையின் அடியில் கிடந்த கோழிதான் புதுசை அதிகமாக விரட்டும். ஆனால் ஒன்று: கொத்து வாங்கியது விலகி ஓடிவிட்டால் பெரும்பாலும் விஷயம் அதோடு முடிந்துவிடும். ஓட இடம் இல்லாவிட்டால்தான் கொத்து நிற்காது. குஞ்சு சேர்ப்பதில் நடக்கிற தவறுகளில் பாதி, இந்த ஓட இடத்தை மறந்துவிடுவதால் வருகிறவை.

வயதை மட்டும் பார்ப்பது ஒரு தவறு. இரண்டு மாதம் ஆகிவிட்டது, விடலாமா என்று கேட்கிறார்கள். நாட்டுக்கோழியில் சிறு உருவ ரகமான சிறுவிடையின் இரண்டு மாதக் குஞ்சும், பெரு உருவ ரகமான பெருவிடையின் அதே வயதுக் குஞ்சும் உருவத்தில் ஒன்றா? உடம்பு முழுக்க இறகு முளைத்து, கூட்டத்திலுள்ள பெட்டையின் உருவத்தில் முக்கால்வாசியாவது வந்திருக்க வேண்டும். நாட்டுக்கோழிக்கு அதற்கு மூன்று மாதமோ அதற்குச் சற்று மேலேயோ ஆகலாம். ஒரு வாரக் குஞ்சையும் மூன்று வாரக் குஞ்சையும் ஒரே பல்பின் கீழ் போடுவதும் சரியில்லை. முதல் வாரம் சுமார் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் சின்னதுக்குக் குளிரும் அல்லது பெரியதுக்குப் புழுங்கும். பெரியது சின்னதை மிதிக்கவும் செய்யும்.

தாய்க்கோழியோடு திரியும் குஞ்சுகளின் கதை வேறு. அவை பிறந்த சில நாளிலேயே கூட்டத்துக்குள் மேயும், தாய்க்குப் பயந்து யாரும் கிட்ட வருவதில்லை. இதைப் பார்த்துவிட்டு, வாங்கி வந்த பத்து நாள் குஞ்சுகளை அந்தத் தாயிடமே விட்டுவிடுகிறார்கள். அடையிலிருக்கும் கோழி ஒரு நாள், இரண்டு நாள் குஞ்சை இராத்திரி வயிற்றுக்கடியில் வைத்தால் பெரும்பாலும் ஏற்கும். அந்தப் பருவம் தாண்டிய குஞ்சைத் தன்னுடையது இல்லையென்று அடையாளம் கண்டு கொத்திவிடும். தன் குஞ்சையுமே கொஞ்சம் வளர்ந்ததும், பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள், அது கொத்தி விரட்டும். பாதுகாப்பு போய் அவை தனியாக வரிசைக்குள் நுழைவது அப்போதுதான். அந்த வாரம் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

கொத்துக்காயம் கண்ணுக்குத் தெரியும், நோய் தெரியாது. அதனால்தான் நோயை நான் பெரிய ஆபத்தாகச் சொல்வேன். பார்வைக்கு நன்றாக இருக்கும் பெரிய கோழியின் எச்சத்தில் ரத்தக்கழிச்சல் கிருமி இருக்கலாம், அந்தக் கோழிக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுக்கு அது உயிர்போகிற நோய். தண்ணீர் சிந்தி ஈரமான தரையில் வேகமாகப் பரவும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் சொருகி நிற்கும் குஞ்சின் எச்சத்தைப் பாருங்கள். ரத்தம் கலந்திருந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். மாறாக, வாங்கி வந்த குஞ்சு வெள்ளைக்கழிச்சல் என்ற ராணிக்கெட் நோயை உள்ளே கொண்டுவந்து மொத்தக் கூட்டத்தையும் காலி செய்துவிடலாம். முதல் வாரத்தில் கண் சொட்டு, நாலாம் வாரம் ஒரு முறை, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி என்ற வழக்கமான வரிசையில், குஞ்சின் வயதுக்கு ஏற்ப அதற்கான தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் ஒரு மாதம் தள்ளி வையுங்கள். தீவனம் வைக்கும் வரிசையும் முக்கியம்: வீட்டில் பொரித்த குஞ்சென்றால் முதலில் அவற்றைக் கவனித்துவிட்டுப் பெரியவற்றிடம் போக வேண்டும். வெளியில் வாங்கியதென்றால் அவற்றைக் கடைசியில்.

அப்புறம் கம்பிவலைத் தடுப்பு. ஒரு வாரம், இரண்டு வாரம் வலைக்கு இந்தப் பக்கம் குஞ்சு, அந்தப் பக்கம் கோழி. தீவனத் தட்டுகளை வலையை ஒட்டி இரு பக்கமும் வைத்தால் எதிரெதிரே நின்று கொத்தித் தின்னும். முதல் நாள் கழுத்து இறகை விரித்துக்கொண்டு வலைமேல் பாய்கிற பெட்டை, சில நாளில் குஞ்சைத் திரும்பிப் பார்க்காமல் தானியம் பொறுக்கும். அதுதான் தடுப்பை எடுக்கும் நேரம். இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம்.

கலக்கும்போது கூண்டுக்குள் விடாதீர்கள், திறந்த வெளியில் விடுங்கள். பெரியவை வயிறு நிறைந்து மந்தமாக இருக்கும் மதியத்துக்கு மேல் நல்லது. ஒற்றைக் குஞ்சை மட்டும் விடவே கூடாது. நாலைந்து சேர்ந்து போனால் விரட்டு பங்காகும், ஒன்றே போனால் எல்லாக் கொத்தும் அதன் மண்டையில்தான். தீவனமும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் தள்ளித் தள்ளி இருக்கட்டும். ஒளிய இடம் வேண்டும், ஆனால் அது முட்டுச்சந்தாக இருக்கக் கூடாது. சுவரில் சாய்த்த பலகை என்றால் இரண்டு முனையும் திறந்திருக்கட்டும். கோழியைக் கவிழ்த்து மூடும் கூடையான பஞ்சாரத்தை நாலு கல்மேல் தூக்கி வைத்தால் குஞ்சு அடியில் நுழைந்துகொள்ளும், பெரிய கோழி நுழையாது. தீவனத் தட்டுகளில் ஒன்றை அதற்குள்ளேயே வைக்கலாம். இராத்திரி இருட்டில் கூண்டில் ஏற்றிவிட்டால் போதும் என்பார்கள். வலைப்பழக்கம் ஆன குஞ்சுக்கு அது உதவும், ஆனால் விடியும்போதே எழுந்து கதவைத் திறந்துவிட வேண்டும்.

முட்டைக்கோழித் தீவனத்தை எல்லோருக்கும் பொதுவாகப் போடுவதும் வேண்டாம். அதில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும், குஞ்சுக்கு 1 சதவீத அளவு போதும். மிச்சம் அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லோருக்கும் வளரும் கோழித் தீவனத்தைப் போட்டு, முட்டையிடுபவற்றுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வைத்தால் சரியாகிவிடும்.

கலந்த பிறகு ஒரு கோழி மட்டும் விடாமல் துரத்தினால், குஞ்சைப் பிடித்துத் தனியே அடைக்கிறோம். அடைக்க வேண்டியது துரத்துகிற கோழியை. மூன்று நாலு நாள் கழித்துத் திரும்பும்போது அதன் வேகம் பெரும்பாலும் குறைந்திருக்கும். ரத்தம் வந்துவிட்டால் மட்டும் குஞ்சை உடனே எடுத்துவிடுங்கள், சிவப்பைக் கண்டால் மற்றவையும் அதே இடத்தில் கொத்தும். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, புண் ஆறிய பிறகே திரும்ப விட வேண்டும்.

முதல் சில நாள், அடையும் நேரத்தில் ஒவ்வொரு குஞ்சின் இரைப்பையையும் கழுத்துக்குக் கீழே தொட்டுப் பாருங்கள். நிறைந்து கெட்டியாக இருந்தால் அதற்குத் தீவனம் கிடைக்கிறது. இரண்டு நாள் தொடர்ந்து காலியாக இருந்தால், கூட இரண்டு குஞ்சுகளைத் துணைக்குச் சேர்த்து மறுபடி வலைக்குப் பின்னால் வைத்துவிடுங்கள்.