தட்டு காலியானால் போதுமா? மாற்றுத்திறன் குழந்தைகளின் பள்ளிச் சாப்பாட்டில் நாம் செய்யும் தவறுகள்

கடலூர் மாவட்டத்து அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்குக் காலை உணவு உண்டு, மதியம் முட்டையோடு சத்துணவும் உண்டு. சாப்பாடு பள்ளிக்கு வந்துவிடுகிறது. மாற்றுத்திறன் குழந்தையின் வயிற்றுக்குள் அது ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

முதலில் உட்கார வைக்கும் விதம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டுத் தலையைச் சாய்த்து ஊட்டுவது பல வீடுகளில் கைக்குழந்தைக் காலத்துப் பழக்கம். அதுவே பள்ளியிலும் தொடர்கிறது. தலை பின்னால் சாய்ந்தால் சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் நழுவுவது சுலபம். புரை ஏறி இருமினால் நமக்குத் தெரிந்துவிடும். சில குழந்தைகளுக்கு இருமலே வராமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அடிக்கடி சளி, காய்ச்சல், நிமோனியா என்று ஆஸ்பத்திரிக்கு அலையும் குழந்தை என்றால், அது சாப்பிடும் விதத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இடுப்பு நாற்காலியோடு ஒட்டியிருக்க வேண்டும். முதுகு நிமிர்ந்து, மோவாய் லேசாகக் கீழே இறங்கியிருக்க வேண்டும். கால் தொங்கினால் ஒரு பலகை போடுங்கள். பாதம் பதிந்தால்தான் உடம்பு நிலையாக நிற்கும். நின்றபடி ஊட்டினால் குழந்தை அண்ணாந்துதான் வாயைத் திறக்கும். அதனால் எதிரே அதன் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து ஊட்டுங்கள். சாப்பிட்டதும் படுக்க வைக்காமல் அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க விடுங்கள்.

"மெல்ல வராது, ரசத்த ஊத்திக் கரைச்சுக் குடுத்துடலாம்" என்பது அடுத்த தவறு. விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்குப் பெரும்பாலும் நீர்த்த பொருள்தான் ஆபத்து, நாக்கு சுதாரிப்பதற்குள் வழிந்து இறங்கிவிடும். கட்டியில்லாமல், ஸ்பூனைச் சாய்த்தால் மெதுவாக விழும் பதம்தான் பல குழந்தைகளுக்கு ஏற்றது. ரசத்தால் வயிறு நிறைந்தால் சத்தும் சேராது.

முட்டையையே எடுத்துக்கொள்வோம். வெந்த மஞ்சள் கரு வறண்டு தொண்டையில் அடைக்கும், வெள்ளைக் கரு வழுக்கும். இரண்டு முறை விக்கியதும் "இதுக்கு முட்டை ஒத்துக்காது" என்று பக்கத்துப் பிள்ளை தட்டில் வைத்துவிடுகிறோம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. தொடக்கப் பள்ளி மதிய உணவுக்கு வகுத்திருக்கும் புரதமே 12 கிராம்தான். பாதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, குழந்தை தேறவில்லையே என்று கவலைப்படுவதில் என்ன நியாயம்? முட்டையைத் துருவி, சாம்பார் சாதத்தோடு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மசித்துப் பிசைந்தால் இறங்கும். சுண்டலையும் அப்படியே மசித்துவிடலாம். பண்ருட்டிப் பக்கம் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும் முந்திரியை முழுசாகக் கொடுக்காமல் பொடித்துச் சேருங்கள்.

அதற்காக மெல்லத் தெரிந்த குழந்தைக்கும் குழைத்தே கொடுத்தால் தாடை பழகாது. எந்தப் பதம் என்பதை விழுங்குவதைச் சோதிக்கத் தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட்தான் முடிவு செய்ய வேண்டும். வட்டார வள மையத்தில் (உங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறை மையம்) மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென இருக்கும் சிறப்புப் பயிற்றுநரை, முடிந்தால் குழந்தை சாப்பிடும் நேரத்திலேயே வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் வேதனை தருவது தண்ணீர் விஷயம். "ஸ்கூல்ல தண்ணி குடிக்காதடி, பாத்ரூம் போக முடியாது" என்று சொல்லி அனுப்பும் அம்மாக்களைக் குறை சொல்லி என்ன பயன்? சக்கர நாற்காலி நுழையாத கழிப்பறைதான் அப்படிச் சொல்ல வைக்கிறது. கடலோர வெயிலில் நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்தால் மலச்சிக்கல் வரும், சிறுநீரில் தொற்று வரும், பசியும் செத்துவிடும். அப்புறம் எவ்வளவு சத்தான சாப்பாடு இருந்து என்ன? அரசு நிதியிலும் அங்கீகாரத்திலும் நடக்கும் பள்ளிகளின் கட்டடமும் வசதிகளும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுத்தாகக் கொடுங்கள். கழிப்பறை சரியாகும்வரை, குறித்த நேரத்தில் கூட்டிப்போக ஒருவரைக் கேட்டு வாங்குங்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தை சாதத்தைத் தள்ளினால் அடம் என்று முடிவு கட்டாதீர்கள். மணமோ பிசுபிசுப்போ அதற்குத் தாங்காததாக இருக்கலாம். பிடித்த இட்லிக்குள் கீரையை ஒளித்து வைத்தால் சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லியையும் ஒதுக்கிவிடும். தட்டோரத்தில் ஒரு சிட்டிகை வைத்துவிட்டு, சாப்பிடு என்று சொல்லாமல் விட்டுவிடுங்கள். பழக நாளாகும்.

பார்வை இல்லாத குழந்தையிடம் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லி, கையைத் தொட்டுக் காட்டிவிட்டால் தானே சாப்பிடும். டவுன் சின்ட்ரோம் குழந்தைக்குப் பாவப்பட்டு ஆளுக்கொரு பிஸ்கட், சாக்லேட் நீட்டாதீர்கள். அவர்களுக்குச் சுலபமாக எடை ஏறும், தைராய்டுக் குறையும் பலருக்கு உண்டு.

கடைசியாக, நேரம். மற்ற பிள்ளைகள் கால் மணியில் முடிப்பதை இந்தக் குழந்தை முடிக்க முக்கால் மணி ஆகலாம். மணி அடித்ததும் தட்டை எடுத்தால் தினமும் அரை வயிறுதான். பதினைந்து நிமிடம் முன்னதாகவே தட்டை வையுங்கள். தனியாக மூலையில் வேண்டாம், கூடவே ஒரு தோழனையோ தோழியையோ உட்கார வையுங்கள்.