ஜாங்கோவில் போன் நம்பரை வைத்து லாகின்: படிப்படியாக

எங்கள் தெரு நூலகத்துக்கு ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வெப் ஆப் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்) ஒரு சின்ன வெப் ஆப் எழுதிக் கொடுத்தேன். உறுப்பினர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். யூசர்நேம் உருவாக்கச் சொன்னால் அடுத்த வாரமே மறந்துவிடுகிறது. போன் நம்பர் மட்டும் மறப்பதில்லை. அதனால் போன் நம்பரையே யூசர்நேமாக வைத்துவிட்டேன். செய்த வரிசையில் எழுதுகிறேன். பெயர்களை இங்கே ஒலிப்படி தருகிறேன், கோடில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதல் மைக்ரேட்டுக்கு முன்பே

புராஜெக்ட் உருவாக்கியதும் 'அக்கவுண்ட்ஸ்' என்று ஓர் ஆப் சேர்த்து, அதில் யூசர் மாடலை (டேபிளின் வடிவத்தைச் சொல்லும் கிளாஸ்) எழுதி, செட்டிங்ஸில் ஆத்_யூசர்_மாடல் என்பதற்கு 'அக்கவுண்ட்ஸ்.யூசர்' என்று கொடுங்கள். அதன் பிறகுதான் மைக்ரேட், அதாவது மாடல்களின்படி டேட்டாபேஸில் டேபிள்களை உருவாக்கும் கட்டளை. ஜாங்கோ 1.5 பதிப்பில், 2013-இல், சொந்த யூசர் மாடல் வைக்கும் இந்த வசதி வந்தது. ஜாங்கோவோடு வரும் நிர்வாகப் பக்கமான அட்மினின் டேபிள் உட்படப் பல டேபிள்கள் யூசர் டேபிளை ஃபாரின் கீயால் (வேறொரு டேபிளின் வரியைச் சுட்டும் இணைப்பு) பிடித்துக்கொண்டிருக்கின்றன. தாமதமாக மாற்றினால் 'இன்கன்சிஸ்டன்ட் மைக்ரேஷன் ஹிஸ்டரி' என்ற பிழை வரும். தகவல் எதுவும் ஏறாத எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் கோப்பு என்றால் அதையும் உங்கள் மைக்ரேஷன் கோப்புகளையும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். அதுதான் சுலபம்.

படி 2: மாடல்

அப்ஸ்ட்ராக்ட்_பேஸ்_யூசர் வேண்டாம், அப்ஸ்ட்ராக்ட்_யூசர் எடுங்கள். அனுமதிகள், குழுக்கள் எல்லாம் அதிலேயே வந்துவிடும். யூசர்நேமுக்கு நன் (பைத்தானில் 'எதுவும் இல்லை' என்பதற்கான None) கொடுத்து, போன் என்று யுனீக் ஆன கேர் ஃபீல்டு (எழுத்துகளாகச் சேமிக்கும் ஃபீல்டு) சேருங்கள். இன்டிஜர் கூடவே கூடாது, முன்னால் வரும் ப்ளஸ் குறி போய்விடும். யூசர்நேம்_ஃபீல்டு 'போன்', ரெக்வயர்டு_ஃபீல்ட்ஸ் வெறும் பட்டியல்.

படி 3: நான் மாட்டிக்கொண்ட இடம்

ஒரே எண்ணை ஒருவர் பத்து இலக்கமாக அடிப்பார், இன்னொருவர் முன்னால் பூஜ்யம் போடுவார், மூன்றாமவர் +91 போட்டு நடுவில் இடம் விடுவார். டேபிளில் ஒரே வடிவம்தான் இருக்க வேண்டும். நான் +91 உடன் சேர்த்து 13 எழுத்தாக வைத்தேன். சரி, மேக்ஸ்_லெங்க்த்தும் 13 போதும் என்று கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஓர் அம்மா போனை நீட்டினார். "தம்பி, நம்பர் முழுசா விழ மாட்டேங்குது." வாங்கிப் பார்த்தேன். +91, ஓர் இடைவெளி, ஐந்து எண், ஓர் இடைவெளி, அப்புறம் மூன்றே எண். கடைசி இரண்டை அழுத்தினால் பெட்டி வாங்கவே இல்லை. பிழைச் செய்தியும் கிடையாது.

காரணம் இதுதான்: ஜாங்கோவின் லாகின் ஃபார்ம் நம் ஃபீல்டின் மேக்ஸ்_லெங்க்த்தை எடுத்து இன்புட் பெட்டிக்கே வரம்பாகப் போட்டுவிடுகிறது. இடைவெளியோடு அந்த எண் 15 எழுத்து. 20 என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

எண்ணின் வடிவத்தைச் சீராக்கும் கோட் வரிகளை எங்கே வைப்பது? மாடலில் நார்மலைஸ்_யூசர்நேம் என்ற கிளாஸ் மெத்தடை ஓவர்ரைடு செய்யுங்கள். பதிவு ஃபார்ம் மேனேஜரின் (யூசர்களை உருவாக்கவும் தேடவும் உதவும் கிளாஸ், படி 4-இல் வரும்) கிரியேட்_யூசர் வழியாகப் போவதில்லை. ஆனால் மாடலின் க்ளீன் வழியாகப் போகிறது, அது இந்த மெத்தடைக் கூப்பிடும்.

படி 4: மேனேஜர்

யூசர்நேமை எடுத்துவிட்டதால் பழைய மேனேஜர் உதவாது. பேஸ்_யூசர்_மேனேஜரிலிருந்து புதிதாக எழுதி, கிரியேட்_யூசர், கிரியேட்_சூப்பர்யூசர் இரண்டிலும் எண்ணைச் சீராக்கி, பாஸ்வேர்டை செட்_பாஸ்வேர்ட் மூலமாக மட்டும் வையுங்கள்.

கெட்_பை_நேச்சுரல்_கீ மெத்தடையும் இங்கே ஓவர்ரைடு செய்யுங்கள்: முதலில் சீராக்கு, பிறகு தேடு. லாகின் நேரத்தில் ஜாங்கோவின் மாடல் பேக்எண்ட் (பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்க்கும் பகுதி) ஆளைத் தேடுவது இதன் வழியாகத்தான். பலர் இதற்காகத் தனி பேக்எண்ட் எழுதுகிறார்கள். தேவையே இல்லை. ஆள் செயலில் இருக்கிறாரா என்ற சோதனை, ஆள் இல்லாவிட்டாலும் பாஸ்வேர்டை ஒருமுறை ஹேஷ் செய்து (திருப்பிப் படிக்க முடியாத வடிவமாக மாற்றி) நேர வித்தியாசத்தை மறைப்பது எல்லாம் அந்த பேக்எண்டில் ஏற்கெனவே இருக்கின்றன. தனியாக எழுதினால் அதையெல்லாம் நாம் நினைவு வைத்துச் செய்ய வேண்டும்.

சோதிக்க பிரவுசரைத் திறக்காதீர்கள். மேனேஜ் ஷெல்லில் ஆதென்டிகேட்டைக் கூப்பிட்டு, ஒரே எண்ணை மூன்று விதமாகக் கொடுத்துப் பாருங்கள். யூசர் வரும் அல்லது நன் வரும். தவறு எங்கே என்று உடனே தெரியும்.

பிற்சேர்க்கை 1: இலங்கையிலிருந்து ஒருவர் எழுதினார். முதலில் பூஜ்யம் இருந்தால் எடுத்துவிட்டு +91 சேர்த்திருந்தேன். அங்கே 077 என்று தொடங்கும் எண்ணுக்கு +94 அல்லவா சேர வேண்டும்? கையால் வெட்டி ஒட்டுவதை விட்டுவிட்டு 'போன்நம்பர்ஸ்' என்ற பைத்தான் லைப்ரரிக்கு மாறினேன். நாட்டைச் சொன்னால் அதுவே பார்த்துக்கொள்ளும். புரியாத எண் வந்தால் அது எக்செப்ஷன் வீசும். பிடித்து, வந்ததை அப்படியே திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் லாகின் பக்கம் 500 பிழையில் (சர்வர் பிழை) விழும்.

பிற்சேர்க்கை 2: 'அட்மினில் சேர்த்த ஆட்களால் மட்டும் உள்ளே வர முடியவில்லை' என்று இருவர் கேட்டார்கள். மாடலை வெறும் மாடல்அட்மினில் பதிந்திருந்தால், அங்கே அடித்த பாஸ்வேர்ட் அப்படியே டேபிளில் உட்கார்ந்துவிடும். டேபிளில் பாஸ்வேர்ட் என்ற பத்தியைப் (column) பாருங்கள்: வழக்கமான அமைப்பில் 'பிபிகேடிஎஃப்2' (ஹேஷ் முறையின் பெயர்) என்று தொடங்க வேண்டும். யூசர்அட்மினுக்கு மாறி, யூசர்நேம் வரும் இடங்களிலெல்லாம் போனைப் போட்டு, ஆள் சேர்க்கும் ஃபார்மையும் உங்கள் மாடலுக்கு மாற்றுங்கள். கெட்டுப்போன கணக்குகளுக்கு சேஞ்ச்பாஸ்வேர்ட் கட்டளை போதும். அதில் மட்டும் எண்ணை +91 உடன், இடைவெளி இல்லாமல், டேபிளில் இருக்கிறபடியே கொடுங்கள். அது நம் நேச்சுரல் கீ வழியாகப் போவதில்லை.