டியூ பாக்கி இருக்கும் காரை வாங்குவது எப்படி? முதல் விசாரிப்பிலிருந்து ஹெச்பி கேன்சல் வரை

கார் நன்றாக இருக்கிறது, ஒரே ஓனர், விலையும் தோதாக வருகிறது. ஆனால் ஆர்சியில் ஒரு வங்கியின் பெயர் ஏறியிருக்கிறது. "இன்னும் கொஞ்சம் டியூதான் சார் பாக்கி, முடிச்சுக் கொடுத்துடறேன்" என்கிறார் விற்பவர். இந்த இடத்தில் பலர் பயந்து விலகிவிடுகிறார்கள். வேறு சிலர் அவர் வாக்கை நம்பி மொத்தப் பணத்தையும் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே வேண்டாம். சமீபத்தில் இப்படி ஒரு காரை வாங்கி, பெயர் மாற்றம் வரை முடித்தேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஓட்டிப் பார்ப்பது, மெக்கானிக்கிடம் காட்டுவது, விலை பேசுவது எல்லாம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 51-இன்படி, கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் ஆர்சியில் பெயர் மாற்றத்தைப் பதிய முடியாது. விற்பவர் எத்தனை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அது மட்டும் போதாது.

அதனால்தான், "டியூவை நீங்களே கட்டிக்கிட்டு ஓட்டுங்க, முடிஞ்சதும் பேர் மாத்திக்கலாம்" என்ற ஏற்பாட்டுக்கு நான் அடியோடு எதிரி. கடன் அவர் பெயரில், ஆர்சி அவர் பெயரில், இன்ஷூரன்ஸ் அவர் பெயரில். பணம் மட்டும் உங்களுடையது. நடுவில் கார் திருடு போனாலோ விபத்தில் முழுதாக நொறுங்கினாலோ, இன்ஷூரன்ஸ் பணம் முதலில் கடன் கொடுத்தவருக்குத்தான் போகும். நெருங்கிய சொந்தமே சொன்னாலும் இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படி 1: அரசு ஆப்பில் பாருங்கள்

எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் கடன் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை, ஆர்சி நடப்பில் உள்ளதா என்பதெல்லாம் தெரியும். தனியார் ஆப்கள் நிறைய உண்டு. நான் அவற்றை நம்புவதில்லை. சிலவற்றில் பழைய தகவல் கிடக்கிறது, எல்லாவற்றிலும் விளம்பர அழைப்பு வருகிறது. அப்படியே இ-சலான் தளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கையில் இருக்கும் ஆர்சியில் வங்கிப் பெயர் இல்லை, ஆப்பில் இருக்கிறது என்றால் ஆப்பில் இருப்பதையே கணக்கில் எடுங்கள். அதேபோல், "கடன் எப்பவோ முடிஞ்சுது" என்று சொல்லி, ஆப்பில் இன்னும் பெயர் இருந்தால் ஹெச்பி (ஆர்சியில் உள்ள வங்கியின் அடமானப் பதிவு) கேன்சல் ஆகவில்லை என்று அர்த்தம். கடனை முடித்துவிட்டு ஆர்டிஓ பக்கமே போகாதவர்கள் ஏராளம்.

படி 2: ஃபோர்குளோஷர் லெட்டர்

பாக்கி எவ்வளவு என்று விற்பவர் வாயால் சொல்வது கணக்கில்லை. வங்கி ஆப்பின் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டாம். அதில் பெரும்பாலும் அசல் பாக்கி மட்டும்தான் இருக்கும். கடனை இப்போதே முழுதாக முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லும் ஃபோர்குளோஷர் லெட்டரைக் கடன் கொடுத்தவரிடமிருந்து வாங்கச் சொல்லுங்கள். அசல், அன்றுவரையிலான வட்டி, பவுன்ஸ் ஆன டியூக்களுக்கான அபராதம், முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். கார் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் இருப்பதால் இந்த முன்முடிப்புக் கட்டணம் வருவது சகஜம். அதை யார் ஏற்பது என்பதை அப்போதே பேசிவிடுங்கள். என்னைக் கேட்டால் அது விற்பவர் செலவு.

லெட்டரில் ஒரு கடைசித் தேதி இருக்கும். அது தாண்டினால் தொகை மாறும். அடுத்த டியூ தேதி நெருங்கியிருந்தால் அது போகும்வரை பொறுத்து, புது லெட்டர் வாங்குவது நல்லது. இல்லையென்றால் நீங்கள் கடனை முடித்த பிறகும் விற்பவர் கணக்கிலிருந்து இன்னொரு டியூ தானாகப் போய், அதைத் திரும்ப வாங்க அவர் அலைய வேண்டியிருக்கும்.

இந்த நேரத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதே பேங்க்ல வேற லோனோ கிரெடிட் கார்டோ இருக்கா? அதுல பாக்கி எதாவது நிக்குதா?" கார் கடன் சுத்தமாக முடிந்திருந்தும், அதே ஆளின் பெர்சனல் லோன் பாக்கியைக் காட்டி என்ஓசியை (கடன் கொடுத்தவர் தரும் ஆட்சேபணையில்லாச் சான்று) நிறுத்தி வைப்பது நடக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்பே, இந்தக் கடன் முடிந்தால் என்ஓசி தருவதில் தடை ஏதும் இல்லை என்று கிளையிலிருந்து மின்னஞ்சலில் ஒரு வரி வாங்கிவிடுங்கள். விற்பவரே கேட்டால்தான் பதில் சொல்வார்கள்.

படி 3: விலையை மூன்றாகப் பிரியுங்கள்

பேசிய விலை நாலரை லட்சம், கடன் பாக்கி 1,80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,80,000 நேராகக் கடன் கணக்குக்கு. ஒரு பெரும் பகுதி, வண்டியையும் இரண்டு சாவிகளையும் கையில் வாங்கும்போது விற்பவர் கணக்குக்கு. ஐம்பதாயிரம் போல ஒரு தொகை, என்ஓசியும் கையெழுத்திட்ட ஃபார்ம்களும் வந்த பிறகு. இந்தக் கடைசித் தொகையை விட்டுக்கொடுக்காதீர்கள். என்ஓசி வாங்க விற்பவர் வேலைக்கு லீவு போட்டு அலைய வேண்டும். அவருக்கு வர வேண்டிய பணம் பாக்கி இருந்தால்தான் அந்த அலைச்சல் நடக்கும்.

கடன் பாக்கி விலையைவிட அதிகம் என்றால், வித்தியாசத்தை விற்பவர் முதலில் கட்ட வேண்டும். ரசீதைப் பார்த்த பிறகுதான் உங்கள் பணம் நகர வேண்டும்.

இதையெல்லாம் முத்திரைத்தாளில் ஒப்பந்தமாக எழுதுங்கள். கடன் கணக்கு எண், ஃபோர்குளோஷர் தொகை, அதை நீங்கள் நேரடியாகக் கட்டுகிறீர்கள், அது காரின் விலையில் ஒரு பகுதி: இந்த நான்கும் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வம்பு வரும்போது, யாருடைய கடனையோ நீங்கள் ஏன் கட்டினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

ரொக்கம் வேண்டாம். ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க 2017 முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. ரொக்கத்தைக் கைநீட்டி வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். டிடியைவிட எனக்கு நெஃப்ட் அல்லது ஆர்டிஜிஎஸ்தான் பிடிக்கும், யுடிஆர் எண் (அந்தப் பரிவர்த்தனைக்கான அடையாள எண்) அப்போதே கைக்கு வந்துவிடுவதால். ஆர்டிஜிஎஸ் இரண்டு லட்சத்துக்குக் குறையாத தொகைக்குத்தான்.

(பழைய காருக்கான லோன் போட்டு வாங்குகிறீர்களா? புதிய கடன் கொடுப்பவரே பழைய கடனை நேரடியாக அடைத்துவிட்டு, ஆர்சியில் தன் பெயரை ஏற்றிக்கொள்வார். அப்போது அந்தப் பெயரை ஏற்றுவதற்கான ஃபார்ம் 34-உம் சேரும். மற்றபடி வரிசை இதேதான்.)

படி 4: என்ஓசி. இங்கே அவசரப்படாதீர்கள்

பணம் ஏறி, கடன் முடிந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வந்ததும் வேலை முடிந்ததாகத் தோன்றும். எனக்கு உண்மையான இழுபறி அதற்குப் பிறகுதான் வந்தது.

என்ஓசியும், ஹெச்பி கேன்சலுக்கான ஃபார்ம் 35-உம் கடன் வாங்கியவருக்குத்தான் கிடைக்கும், உங்களுக்கு அல்ல. பதிவில் உள்ள முகவரிக்குத் தபாலில் அனுப்புவார்கள். விற்பவர் வீடு மாறியிருந்தால் அது பழைய வாசலுக்குப் போகும். முகவரி மாற்றம் கொடுக்க வேண்டும் என்றால் அதைப் பணம் கட்டும் முன்பே செய்யச் சொல்லுங்கள்.

காகிதம் வந்ததும் உறையோடு பைக்குள் வைத்துவிடாதீர்கள். ஆர்சியைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் படிக்க ஒருவர் சரிபாருங்கள்: பெயர், வண்டி எண், என்ஜின் எண், சேசிஸ் எண். எனக்கு வந்த என்ஓசியில் சேசிஸ் எண்ணில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ' எழுத்து அடித்திருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கம்ப்யூட்டரில் வேறு வேறு. சேசிஸ் எண் மொத்தம் 17 இலக்கம். அதில் 'ஐ', 'ஓ', 'க்யூ' ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது. 1, 0 ஆகிய எண்களோடு குழம்பக்கூடாது என்றுதான் உலகம் முழுக்க அவற்றை விட்டுவிட்டார்கள். ஆகவே 'ஓ' இருந்தால் அது எழுத்துப்பிழை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். திருத்திய என்ஓசி வாங்கிக்கொண்டுதான் அடுத்த படிக்குப் போனேன்.

இன்னொன்று: புது வண்டிக்குக் கடன் கொடுக்கும்போது பதிவு எண் வந்திருக்காது. அதைப் பிறகு வங்கியில் பதிந்து வைக்காதவர்களுக்கு, என்ஓசியில் வண்டி எண் இடம் காலியாகவே வரும். ஃபோர்குளோஷர் லெட்டர் கேட்கும்போதே ஆர்சி நகலைக் கொடுத்து எண்ணை ஏற்றச் சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபார்ம் 35 இரண்டு பிரதி வேண்டும். கடன் கொடுத்தவரின் கையெழுத்து, சீல், விற்பவரின் கையெழுத்து மூன்றும் இரண்டிலும் இருக்க வேண்டும். என்ஓசிக்குக் காலக்கெடு உண்டு, பெரும்பாலும் மூன்று மாதம். அலமாரியில் வைத்து மறந்தால் புதிதாக வாங்க வேண்டும். சில வங்கிகள் இப்போது அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனுக்கே மின்னணு முறையில் அனுப்பிவிடுகின்றன. அப்படியிருந்தாலும் காகிதப் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

கடன் கொடுத்தவர் இழுத்தடித்தால், ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் போட்ட உத்தரவைச் சொல்லி எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பர் 1 முதல், தனிநபர்கள் வாங்கிய கடன் (கார் கடனும் இதில் சேரும்) முழுதாக முடிந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவேட்டில் உள்ள அடமானப் பதிவையும் நீக்க வேண்டும். தங்கள் பக்கத் தாமதம் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும்.

படி 5: ஆர்டிஓ

பரிவாகன் தளத்தில் ஹெச்பி கேன்சலையும் பெயர் மாற்றத்தையும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம். ஓடிபி விற்பவரின் பதிவான மொபைல் எண்ணுக்குப் போகும். அந்த எண் இப்போது அவரிடம் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஃபார்ம் 35-ஓடு, பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30, ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் அடையாள, முகவரிச் சான்றுகள் தேவைப்படும். வெளி மாநில வண்டி என்றால் பழைய ஆர்டிஓவிடம் ஃபார்ம் 28-இல் தனியாக ஒரு என்ஓசி வாங்க வேண்டும். வங்கி என்ஓசி வேறு, இது வேறு.

ஏஜென்ட்டிடம் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்கி, நிலையை நீங்களே தளத்தில் பாருங்கள்.

விற்பவர் இந்தக் கட்டத்தில் ஆர்வம் காட்டாமல் போனால், இது அவருக்கும்தான் பாதுகாப்பு என்று எடுத்துச் சொல்லுங்கள். வண்டியை விற்றுவிட்டாலும் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை விபத்து இழப்பீடு தரும் பொறுப்பில் அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

படி 6: இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக்

கார் கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். அதைச் செய்யாமல் விட்டால் உங்கள் காரின் சேதத்துக்குக் கிளெய்ம் கேட்பது சிக்கலாகிவிடும். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) ஆளுக்குச் சொந்தம், காருக்கு அல்ல. அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும். பாலிசியில் உள்ள வங்கிப் பெயரை நீக்கவும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள். ஆர்சியில் நீங்கியது இங்கே தானாக நீங்காது. பழைய ஃபாஸ்டேக்கை விற்பவர் மூட வேண்டும், நீங்கள் புதிது வாங்க வேண்டும்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்த ஒருவர், ஆர்சியில் விஜயா வங்கி என்று இருக்கிறது, என்ஓசி பாங்க் ஆஃப் பரோடா பெயரில் வந்திருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். விஜயா, தேனா வங்கிகள் 2019 ஏப்ரல் 1 அன்று பரோடாவோடு இணைந்தன. 2020 ஏப்ரல் 1-இல் சிண்டிகேட் கனராவோடும், அலகாபாத் இந்தியன் வங்கியோடும், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. இப்படிப்பட்ட கணக்கு என்றால், பழைய பெயரையும் இணைப்பையும் குறிப்பிட்டு எழுதிய ஒரு கடிதத்தை என்ஓசியோடு சேர்த்தே கிளையில் கேட்டு வாங்குங்கள். ஆர்டிஓவில் கேட்ட பிறகு திரும்பிப் போனால், கிளைக்கு விற்பவரை மறுபடி அழைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.