சபையில் முதல் சாட்சி: மைக்கைப் பிடிப்பதற்கு முன்

டிசம்பர் 31 இரவு. ஆராதனை பாதி நடந்திருக்கும். "இந்த ஆண்டில் கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்ல விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம்" என்று போதகர் மைக்கை நீட்டுவார். உடனே பாதி சபை தலை குனியும். சிலருக்குப் பாட்டுப் புத்தகத்தில் திடீர் அக்கறை வந்துவிடும். ஆண்டுதோறும் வருகிற அதே நான்கு பேர் எழுந்து வருவார்கள். அவர்களில் ஒருவர் "ஒரே ஒரு சிறிய சாட்சி" என்று தொடங்குவார். பன்னிரண்டு மணிக்கு ஆலய மணியை அடிக்க வேண்டியவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார்.

இந்தப் பதிவு, தலை குனிகிறவர்களுக்கு. வாலிபர் கூட்டம், வீட்டு ஜெபம், பிறந்தநாள் ஸ்தோத்திரக் காணிக்கை என எங்கே முதன்முதலாகச் சொல்ல நேர்ந்தாலும் வழி ஒன்றுதான். தூத்துக்குடிப் பக்கத்துச் சபை ஒன்றில் சில ஆண்டுகளாக வாலிபர்களுக்கு இதைச் சொல்லித் தருகிறேன். அந்தத் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், என் முதல் சாட்சியில் நான் பொய் சொன்னேன். அந்தக் கதை கீழே வருகிறது.

தொடங்குவதற்கு முன் ஒரு சொல். சாட்சி என்பது நீதிமன்றத்திலும் புழங்குகிற சொல். கூண்டில் ஏறுகிறவர் கண்டதைச் சொல்ல வேண்டும். கேள்விப்பட்டதையும் ஊகித்ததையும் சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். யோவான் 9ஆம் அதிகாரத்தில் பார்வை பெற்ற மனிதனை யூத மதத் தலைவர்களான பரிசேயர் குறுக்கு விசாரணை செய்வதைப் படித்துப் பாருங்கள். இயேசு பாவியா இல்லையா என்பது தனக்குத் தெரியாது என்கிறான். "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்கிறான். படித்த பரிசேயரால் அந்த ஒரு வரியை அசைக்க முடியவில்லை.

முதல் படி: ஒரே ஒரு நிகழ்ச்சி

பிறந்தது, ஞாயிறு பள்ளிக்குப் போனது, பத்தாம் வகுப்பு, வேலை, திருமணம் என்று வரிசையாகச் சொன்னால் அது வாழ்க்கை வரலாறு. அதற்கு வேறு நாள் இருக்கிறது. அன்று பேசப்போவது நீங்களும் அல்ல.

ஒரு நாளை எடுங்கள். முடிந்தால் அந்த நாளின் ஒரு மணி நேரத்தை. பெரிய அற்புதமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதைப் பற்றி நினைக்கும்போது இடமும் வேளையும் கூடவே ஞாபகம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். தமஸ்கு சாலையில் இயேசு தனக்குத் தோன்றியதைப் பவுல் அப்போஸ்தலர் நடபடிகளில் இரண்டு முறை தன் வாயால் சொல்கிறார், 22ஆம் அதிகாரத்திலும் 26ஆம் அதிகாரத்திலும். இரண்டு முறையும் அது மத்தியான வேளை என்பதை விடாமல் சொல்கிறார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டத்தைப் பற்றித் தம் நாட்குறிப்பில் எழுதியபோது, மனமில்லாமல்தான் போனேன் என்று முதலில் ஒப்புக்கொள்கிறார். தம் இருதயத்தில் ஓர் அனல் உண்டானதைச் சொல்லும்போது, அப்போது மணி ஏறக்குறைய எட்டே முக்கால் என்று குறிக்கிறார். அந்த மனமின்மையும் எட்டே முக்காலும் இருப்பதால்தான் இவர் அங்கே இருந்தவர் என்று நமக்குத் தெரிகிறது.

இரண்டாம் படி: எழுதுங்கள், பிறகு கேள்வி கேளுங்கள்

நினைவிலிருந்தே பேசிவிடலாம் என்று நம்பாதீர்கள். எழுதினால்தான் எது உங்களுடையது, எது இரவல் என்று தெரியும்.

எங்கள் வாலிபர் கூட்டத்துத் தங்கை ஒருத்தி முதலில் எழுதிக்கொண்டு வந்தது இது: "கர்த்தர் என்னைக் கண்ணின் மணிபோல் காத்து, என் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதித்து, என் தேவைகளையெல்லாம் சந்தித்தார்." பிழை எதுவும் இல்லை. எல்லாம் வேத வசனத்தின் வாசனை. ஆனால் சபையில் யார் கையில் கொடுத்தாலும் அவர்கள் பெயரைப் போட்டுப் படித்துவிடலாம்.

என்ன தேவை என்று கேட்டேன். நர்சிங் கல்லூரியின் கடைசிக் கட்டணம் என்றாள். ஏன் கட்ட முடியவில்லை? ஐப்பசி மழையில் உப்பளம் மூடிவிட்டது, அப்பாவுக்கு வேலை இல்லை. எப்போது கட்ட வேண்டும்? வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை மாலை நீ என்ன செய்துகொண்டிருந்தாய், ஜெபித்தாயா? சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். "இல்லை அண்ணன். ஆண்டவர்மேல் கோபமாக இருந்தேன். சாப்பிடாமல் படுத்துவிட்டேன்."

பிறகுதான் விஷயம் வந்தது. அன்று இரவு பக்கத்து வீட்டில் இட்லி மாவு விற்கிற அக்கா வந்து, சுருக்குப் பையைத் திறந்து, சீட்டு எடுத்த பணத்தை அப்படியே அம்மா கையில் கொடுத்திருக்கிறார். அரைத்த கையோடு எண்ணிக் கொடுத்ததால் நோட்டுகளில் மாவு காய்ந்து ஒட்டியிருந்ததாம். கல்லூரி அலுவலகத்தில் அதைச் சுரண்டிவிட்டுத்தான் கட்டினாளாம்.

"இதையெல்லாம் ஏன் எழுதவில்லை?" என்றேன். "அந்த அக்கா நம் ஆலயத்துக்கு வருகிறவர் இல்லை. மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்" என்றாள்.

அதை மறைக்கத் தேவையில்லை, மறைக்கவும் கூடாது என்பது என் கட்சி. உதவி வந்த கை எதுவோ அதைச் சொல்லுங்கள். அந்தக் கை நம் சபையைச் சேர்ந்ததாக இருந்தால்தான் ஆண்டவருக்கு மகிமை என்று யாராவது நினைத்தால், அடிபட்டுக் கிடந்தவனுக்கு வேற்று இனத்தான் உதவிய நல்ல சமாரியன் உவமையை அவர்கள் இன்னொரு முறை படிக்கட்டும்.

மூன்றாம் படி: மிகையை வெட்டுங்கள்

இப்போது என் கதை. எனக்கு இருபது வயது இருக்கும். அப்பாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்து ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். பிழைத்து வந்தார். ஆண்டிறுதி ஆராதனையில் எழுந்து நின்று, "மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள், ஆனால் பரம வைத்தியர் கைவிடவில்லை" என்றேன். சபை அல்லேலூயா சொன்னது. எனக்கே ஒரு பூரிப்பு.

ஆராதனை முடிந்து கேக் கொடுத்துக்கொண்டிருந்தபோது எங்கள் சபையைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் அருகில் வந்தார். அப்பா இருந்த அதே வார்டில் இரவுப் பணியில் இருந்தவர். "தம்பி, நாங்கள் கைவிடவே இல்லையே. மூன்று இரவு அப்பாவுக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தோமே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கேக் தொண்டையில் நின்றது.

எந்த மருத்துவரும் கைவிட்டதாக என்னிடம் சொன்னதில்லை. ஆனால் அதற்கு முன் நான் கேட்ட சாட்சிகளில் எல்லாம் மருத்துவர்கள் கைவிட்டிருந்தார்கள். ஆகவே என் சாட்சியிலும் அவர்கள் கைவிட வேண்டியதாயிற்று. எழுதியதை எடுத்து "எல்லாரும்", "ஒரு நொடியில்", "அதிசயமாக", "கைவிட்டார்கள்" போன்ற சொற்களின் கீழே கோடு போடுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, அப்போது அங்கே இருந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் இதைச் சொல்வேனா என்று கேளுங்கள். நோயைப் பற்றிய சாட்சி என்றால் மருந்தையும் சொல்லுங்கள். நீங்கள் ஜெபத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், மூன்றாவது வரிசையில் இருக்கும் ஒரு பாட்டி நாளைக் காலை சர்க்கரை மாத்திரையை ஓரமாக வைத்துவிடக்கூடும்.

பழைய பாவங்களைச் சொல்கிறவர்களுக்கும் இதே கத்தரிக்கோல்தான். குடித்த கதை எட்டு நிமிடம், மனம் திரும்பிய கதை அரை நிமிடம் என்றால் கேட்டவர்கள் எதை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்?

நான்காம் படி: அனுமதி

உங்கள் கதையில் இன்னொருவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். கணவரின் குடி, மகளுக்குத் தட்டிப்போன வரன், தம்பியின் கடன் எல்லாம் உங்களுக்கு ஜெபக் குறிப்பு, அவர்களுக்கு மானம். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிடும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வேறு நிகழ்ச்சி கிடைக்கும்.

அந்தத் தங்கை மாவு அக்காவிடம் போய்க் கேட்டாள். "தாராளமாகச் சொல், பெயரும் தொகையும் மட்டும் வேண்டாம், பிறகு தெருவே வாசலில் நிற்கும்" என்றாராம். இந்தப் பதிவுக்கும் அதே நிபந்தனைதான்.

ஐந்தாம் படி: கேட்கிறவர்களைப் பாருங்கள்

பவுலின் இரண்டு சாட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எருசலேமில் யூதர் நடுவே பேசும்போது எபிரெயு பாஷையில் பேசுகிறார். யூத வேத போதகர் கமாலியேலிடம் படித்ததைச் சொல்கிறார், தமஸ்குவில் தனக்குப் பார்வை திரும்ப உதவிய அனனியாவை வேதப்பிரமாணத்தின்படி பக்தியுள்ளவன் என்று அறிமுகப்படுத்துகிறார். அகிரிப்பா ராஜாவின் முன்னே அனனியாவின் பெயரே வரவில்லை. நிகழ்ச்சி அதேதான். யார் கேட்கிறார்களோ அவர்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்.

குழந்தை பிறந்ததற்கு நன்றி சொல்ல எழுந்தால், பதினைந்து ஆண்டுகளாகக் காத்திருக்கும் தம்பதியர் அதே ஆலயத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். "எனக்குத் தந்தார்" என்று நிறுத்துங்கள். "விசுவாசித்தால் உங்களுக்கும் தருவார்" என்ற அடுத்த வரி உங்கள் கையில் இல்லாத வாக்குறுதி.

கேட்டது கிடைக்காமலே ஆண்டு முடிந்தவர்களும் எழுந்து நிற்கலாம். 88ஆம் சங்கீதம் புலம்பலாகத் தொடங்கிப் புலம்பலாகவே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. "இன்னும் பதில் வரவில்லை, ஆனாலும் ஜெபிக்கிறேன்" என்று எங்கள் சபையில் ஒரு தாய் சொல்லி உட்கார்ந்தார். அன்று யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆறாம் படி: ஒத்திகையும் அந்த மூன்று நிமிடமும்

கைபேசியில் மூன்று நிமிடம் வைத்து, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் வரியையும் கடைசி வரியையும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் தடுமாறினாலும் இறங்குவதற்கு ஒரு படி இருக்கும். வசனம் ஒன்று போதும், அதுவும் அந்த நாளில் உங்களுக்குத் துணையாக இருந்த வசனமாக இருக்கட்டும். பிரசங்கம் செய்யப் போதகர் இருக்கிறார்.

முதல் வரி சம்பிரதாய வாழ்த்தாக இருக்கலாம், தவறில்லை. இரண்டாவது வரியிலேயே சம்பவத்துக்கு வந்துவிடுங்கள். அந்தத் தங்கை இப்படித்தான் தொடங்கினாள்: "எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை இரவு நான் ஆண்டவரோடு பேசாமல் படுத்திருந்தேன்." புரண்டுகொண்டிருந்த பாட்டுப் புத்தகங்கள் மூடிக்கொண்டன.

அழுகை வந்தால் நிறுத்துங்கள், மூச்சு விடுங்கள், தொடருங்கள், யாரும் ஓடிப்போகமாட்டார்கள். மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடியுங்கள். முடிந்ததும் அதை அணைக்காமல் அடுத்தவரிடம் கொடுங்கள். அவரும் முதல்முறை வந்தவராக இருப்பார், சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?