கூண்டு வேறு, தனிமை வேறு: பயந்த நாய்க்குட்டியைப் பழக்கும் முறை

8 வாரக் குட்டியாக சுட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த நான்காம் நாள், அவளைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு 40 நிமிடம் வெளியே போய் வந்தேன். திரும்பி வந்தபோது போர்வை கிழிந்து கிடந்தது. அவள் மார்பு முழுக்க எச்சிலில் நனைந்திருந்தது. கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்து நுழைத்து மூக்கின் மேல் தோல் உரிந்திருந்தது. அன்று இரவு கூண்டின் பக்கம் தூக்கிக்கொண்டு போனாலே உடம்பு நடுங்கியது. அந்தப் பயத்தைப் போக்க எனக்கு 7 வாரம் ஆயிற்று. நீங்கள் அந்த 40 நிமிடத் தவறைச் செய்யாமல் தொடங்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் தெரிந்துகொண்ட முக்கியமான விஷயம் இதுதான்: கூண்டுக்குள் இருப்பது ஒரு பாடம். வீட்டில் தனியாக இருப்பது இன்னொரு பாடம். இரண்டையும் ஒரே நாளில் குட்டியின் தலையில் ஏற்றினால் இரண்டுக்குமே பயந்துபோகும். தனித்தனியாகக் கற்றுக்கொடுத்து, கடைசியில்தான் சேர்க்க வேண்டும்.

குட்டி ஏன் இப்படி அழுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். பிறந்ததிலிருந்து தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிக்கொண்டே தூங்கிய உயிர் அது. பிரிந்துபோன குட்டி கத்தினால்தான் தாய் தேடி வரும். அதனால் தனியானதும் கத்துவது அதன் பிறவிக் குணம். அடமும் இல்லை, நம்மை ஆட்டிவைக்கும் தந்திரமும் இல்லை. “அழட்டும், அழுது ஓய்ந்தால் தானாகப் பழகிவிடும்” என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள். சில குட்டிகள் ஓய்ந்தும் போகும். ஆனால் களைத்து அடங்குவதும் பயம் தெளிந்து தூங்குவதும் ஒன்றல்ல. பயந்த சுபாவமுள்ள குட்டிக்கு, பீதியில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் ‘கூண்டு என்றால் ஆபத்து’ என்பதைத்தான் பதியவைக்கும்.

படி 1: கூண்டையும் இடத்தையும் தயார் செய்தல்

குட்டி தலை இடிக்காமல் நிற்க வேண்டும், சுற்றித் திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும். அந்த அளவு போதும். ரொம்பப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் சிறுநீர் கழித்துவிட்டு இன்னொரு மூலையில் போய்த் தூங்கும். பெரிதாக வளரும் இனம் என்றால் நடுவில் தடுப்பு வைக்கும் வசதியுள்ள கூண்டாக வாங்கி, வளர வளரத் தடுப்பை நகர்த்தலாம்.

வீட்டில் எல்லோரும் உட்காரும் அறையிலேயே வையுங்கள். வெயில் நேராக விழும் இடமும், தெருச் சத்தம் மோதும் ஜன்னலோரமும் வேண்டாம். கூண்டின் மேல்பக்கத்தையும் பக்கவாட்டையும் மெல்லிய துணியால் மூடி, முன்பக்கத்தைத் திறந்து விட்டால் பல குட்டிகளுக்குப் பிடிக்கும். காற்று போகிறதா என்று மட்டும் பாருங்கள். நாய்க்கு உடம்புச் சூட்டைத் தணிக்க இரைப்பதுதான் பெரிய வழி, மூடிய இடத்தில் அது போதாமல் போகும்.

கூண்டுக்குள் விடும் முன் கழுத்துப்பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிடுங்கள். கம்பியில் மாட்டிக்கொண்டால் கழுத்து இறுகிவிடும். இதில் ஒரு நாள்கூட விதிவிலக்கு வேண்டாம்.

படி 2: கதவு திறந்தே இருக்கட்டும்

முதல் சில நாட்கள் கதவைச் சாத்தவே வேண்டாம். ஆடி இடித்துப் பயமுறுத்தாதபடி கதவைக் கயிற்றால் கட்டி வையுங்கள். குட்டி பார்க்காத நேரத்தில் உள்ளே இரண்டு மூன்று ட்ரீட் (நாய்க்கான சின்னத் தின்பண்டம்) போட்டு வையுங்கள். அதுவாக மோந்து கண்டுபிடிக்கட்டும். உள்ளே போனால் மெல்லிய குரலில் பாராட்டுங்கள். வெளியே வந்தால் ஒன்றும் சொல்லாதீர்கள். நல்லதெல்லாம் உள்ளேதான் நடக்கிறது என்று அதுவே கண்டுபிடிக்கும்.

சாப்பாட்டையும் அங்கேயே வையுங்கள். தயங்கினால் கிண்ணத்தை வாசலில் வைத்து, ஒவ்வொரு வேளையும் ஒரு சாண் அளவு உள்ளே தள்ளுங்கள். குட்டியைப் பிடித்துத் தள்ளக் கூடாது. தவறு செய்ததற்குத் தண்டனையாகவும் உள்ளே போடக் கூடாது. சுட்டி ஏற்கெனவே பயந்திருந்ததால் இந்த ஒரு படிக்கே 12 நாள் எடுத்தாள். உங்கள் குட்டிக்கு 3 நாளே போதுமானதாக இருக்கலாம். சொல்லாமலே தானாகப் போய் உள்ளே படுக்கத் தொடங்கினால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 3: நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கதவைச் சாத்துதல்

விளையாடிக் களைத்து, வெளியே போய்வந்து, தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரமாகப் பாருங்கள். குட்டிகள் ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை தூங்கும் என்பதால் இப்படிப்பட்ட நேரம் நிறையவே கிடைக்கும். குட்டி உள்ளே எதையாவது மென்றுகொண்டிருக்கும்போது கதவை 1 வினாடி சாத்தித் திறங்கள். அப்புறம் 3 வினாடி, 5 வினாடி, 10 வினாடி. அது மென்று முடிக்கும் முன்பே கதவு திறந்துவிட வேண்டும். கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக அரை மணி நேரம் வரை கொண்டுபோங்கள்.

இங்கேதான் குட்டியின் உடம்பைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். தூங்கப் போகும் முன் ஒரு நிமிடம் சிணுங்கிவிட்டுச் சுருண்டு படுத்தால் கவலை இல்லை, பேசாமல் இருங்கள். ஆனால் அழுகை ஏறிக்கொண்டே போனால், வெப்பமே இல்லாதபோது நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தால், ஜொள்ளு வடிந்தால், கம்பியைக் கடித்தால், தரையைப் பிறாண்டினால் அது பீதி. உடனே திறந்துவிடுங்கள். ‘அழும்போது திறந்தால் அழப் பழகிவிடுமே’ என்ற பயம் எனக்கும் இருந்தது. பீதியில் இருக்கும் குட்டி அந்த நேரத்தில் எதையும் கற்றுக்கொள்ளாது. கதவைத் திறந்துவிட்டு, அடுத்த முறை நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

இதற்கு முன்பே சின்ன அடையாளங்கள் தெரியும். தூக்கம் இல்லாமலே அடிக்கடி கொட்டாவி, சாப்பிடாமலே உதட்டை நக்குவது, காதைப் பின்னால் ஒட்டிவைப்பது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது. இவற்றைக் கண்டால் அழுகை வரை காத்திருக்க வேண்டாம், அங்கேயே நிறுத்திவிடலாம்.

படி 4: கூண்டே இல்லாமல் தனிமையைப் பழக்குதல்

இதை 2, 3 படிகள் நடக்கும் அதே நாட்களில், வேறு நேரத்தில் செய்யுங்கள். குட்டி நடமாடும் அறையின் வாசலில் தடுப்பு வைத்துவிட்டு, அதன் மறுபக்கம் போய் உடனே திரும்புங்கள். குளியலறைக்குப் போகும்போது 5 வினாடி கதவைச் சாத்துங்கள், பிறகு 20 வினாடி. எங்கே போனாலும் நிழலாகப் பின்னால் வரும் குட்டிக்கு இதுவே பெரிய விஷயம். நீங்கள் எழுந்து போவதைப் பார்த்தும் அது எழாமல் படுத்தே இருந்தால், அதுதான் நாம் தேடும் வெற்றி. அந்த நேரத்தில் பேசி, கொஞ்சி எழுப்பிவிடாதீர்கள்.

படி 5: சாவி, செருப்பு, பை

நீங்கள் வெளியேறும் முன்பே குட்டிக்குத் தெரிந்துவிடும். சாவிச் சத்தம் கேட்டதும் பதறத் தொடங்கும். அதனால் ஒரு நாளைக்குப் பத்துமுறை சாவியை எடுத்து, போகாமல் உட்காருங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு சமையல் செய்யுங்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு டிவி பாருங்கள். சில நாட்களில் இந்தச் சத்தங்களுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

படி 6: இரண்டையும் சேர்த்தல்

கூண்டில் அரை மணி நேரம் நிம்மதியாகப் படுக்கிறது, நீங்கள் வேறு அறையில் சில நிமிடம் இருந்தாலும் பதறுவதில்லை. இப்போது சேர்க்கலாம். பழைய கணக்கையெல்லாம் மறந்துவிட்டு மறுபடி வினாடிகளிலிருந்தே தொடங்குங்கள்.

பழைய போன் ஒன்றைக் கூண்டைப் பார்த்தபடி வைத்து வீடியோ அழைப்பில் போடுங்கள். இது இல்லாமல் இந்தப் படியைத் தொடங்கவே வேண்டாம் என்பேன். கதவுக்கு வெளியே காதை வைத்துக் கேட்டால் சத்தம் போடாத பயம் தெரியாது. சுட்டி குரைக்கவே மாட்டாள், நின்ற இடத்தில் நின்று நடுங்குவாள். வீடியோவில்தான் அதைப் பார்த்தேன்.

வாசலைத் தாண்டி 10 வினாடி, திரும்பி வாருங்கள். அப்புறம் 30 வினாடி, 15 வினாடி, 1 நிமிடம், 20 வினாடி, 2 நிமிடம். ஏறிக்கொண்டே போகாமல் இப்படி ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் முன்பைவிடக் கடினம் என்றால் குட்டி அடுத்ததை நினைத்தே பயப்படத் தொடங்கும். பெரும்பாலும் பதற்றம் வருவது முதல் அரை மணி நேரத்துக்குள்தான். 30, 40 நிமிடத்தை அமைதியாகக் கடந்துவிட்ட குட்டிக்கு அதன் பிறகு 10, 15 நிமிடமாகக் கூட்டலாம். ஒரு நாள் சறுக்கினால் இரண்டு நாள் பின்னால் போய் மறுபடி வாருங்கள். உடம்பு சரியில்லாத பிறகும், வீடு மாறிய பிறகும் சறுக்குவது சகஜம்.

கிளம்பும் முன் வெளியே கொண்டுபோய்ச் சிறுநீர் கழிக்க வையுங்கள். மோந்து பார்த்துச் சுற்ற விடுங்கள், பிறகு 10 நிமிடமாவது அடங்க விடுங்கள். ஓடி ஆடிய சூட்டோடு உள்ளே போட்டால் படுக்காது. உணவு அடைத்த கெட்டியான ரப்பர் பொம்மை ஒன்றை உள்ளே வைக்கலாம். தனியாக விடும் முன், நீங்கள் இருக்கும்போது கொடுத்து அதைக் கடித்து விழுங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்த எதுவும், சாக்லேட், திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு விஷம். திரும்பி வரும்போது பொம்மையைப் பாருங்கள். தொடாமல் அப்படியே கிடந்து, நீங்கள் வந்ததும் பாய்ந்து சாப்பிட்டால், இவ்வளவு நேரம் அது சாப்பிட முடியாத அளவு பயந்திருந்தது என்று அர்த்தம்.

எவ்வளவு நேரம் விடலாம்?

குட்டியின் வயதை மாதத்தில் எடுத்து 1 கூட்டினால், பகலில் அது சிறுநீரை அடக்கக்கூடிய அதிகபட்ச மணி நேரம் தோராயமாகக் கிடைக்கும். 3 மாதக் குட்டிக்கு 4 மணி. இது உச்ச வரம்புதான், இலக்கு இல்லை. பயந்த குட்டிக்கு அதைவிடக் குறைவாகவே வையுங்கள். 6 மாதம் ஆகும்வரை ஒரே மூச்சில் 4 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

இந்த முறையில் மிகவும் கஷ்டமான பகுதியை இப்போது சொல்கிறேன். பழக்கும் வாரங்களில் குட்டியால் தாங்க முடிந்த நேரத்துக்கு மேல் அதைத் தனியாக விடக் கூடாது. 2 நிமிடம்தான் தாங்கும் என்றால் 2 நிமிடம்தான். காலையில் பத்து நிமிடம் அழகாகப் பழக்கிவிட்டு மதியம் 3 மணி நேரம் அழவிட்டால், காலையில் செய்தது கரைந்துபோகும். நாங்கள் வீட்டில் மூன்று பேரும் நேரத்தை மாற்றி மாற்றி வைத்தோம். முடியாத நாட்களில் பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தார். குட்டியைக் கொண்டுவரும் முன்பே இந்த ஏற்பாட்டைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இரவு

இரவில் கூண்டை உங்கள் படுக்கைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். விரலை நீட்டினால் மூக்கு படும் தூரம். 8 வாரக் குட்டி இரவில் ஒன்றிரண்டு முறை வெளியே போக வேண்டியிருக்கும். விளக்கைப் பெரிதாகப் போடாமல், விளையாடாமல் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். நன்றாகப் பழகிய பிறகு ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூண்டைத் தள்ளி வைக்கலாம்.

திரும்பி வந்ததும் திட்டாதீர்கள்

கிழிந்த போர்வையைக் காட்டித் திட்டினால் குட்டி தலையைத் தாழ்த்தி ஓரமாகப் பார்க்கும். செய்த தப்பு அதற்குத் தெரிகிறது என்று நாம் நினைப்போம். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் இதையே சோதித்துப் பார்த்தார். தப்பே செய்யாத நாய்களும் திட்டு வாங்கும்போது அதே முகத்தைக் காட்டின. அது நம் கோபத்துக்கு வரும் பதில் மட்டுமே. நாம் வீட்டுக்குத் திரும்புவதும் பயப்பட வேண்டிய ஒன்றாகிவிட்டால், நாம் இல்லாத நேரம் அதற்கு இன்னும் மோசமாகும்.

கூண்டு ஒத்துவராத குட்டி

நீங்கள் பக்கத்தில் இருந்தும், மெதுவாகப் பழக்கியும், கதவு மூடினாலே பீதியடையும் குட்டிகள் உண்டு. அவற்றுக்குப் பிரச்சினை தனிமை இல்லை, அடைபடுவதுதான். மடக்குத் தடுப்பு வேலி போட்ட ஒரு மூலையோ, ஒயர்களும் கடிக்கக்கூடிய பொருட்களும் இல்லாத ஓர் அறையோ போதும். கூண்டு ஒரு வசதிதான், கட்டாயமில்லை. மாறாக, எங்கே விட்டாலும் தனியானவுடன் பதறினால் 4-ஆம் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

பல்லோ நகமோ உடையும் அளவுக்குப் போராடினால், பல வாரம் ஆகியும் ஒரு நிமிடத்தைத் தாண்ட முடியாவிட்டால், நன்றாகப் பழகியிருந்த குட்டி திடீரென்று உள்ளேயே சிறுநீர் கழிக்கத் தொடங்கினால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று போன்ற காரணம் இருக்கலாம். பிரிவுப் பதற்றம் கடுமையாக இருந்தால் ஃப்ளுவாக்ஸெடின், க்ளோமிப்ரமின் போன்ற மருந்துகளைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. வயதையும் எடையையும் பார்த்து அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான், மனிதர்களின் மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். போகும்போது கூண்டைப் பார்த்து எடுத்த வீடியோக்களைப் போனில் கொண்டுபோங்கள். மருத்துவர் அறையில் உங்கள் மடியில் உட்கார்ந்திருக்கும் குட்டி, வீட்டில் தனியாக இருந்த குட்டியைப் போல இருக்காது.