16 பிக்சல் நாணயம்: விளிம்பு வழவழப்பாக வர வரைவது எப்படி?

கணினி விளையாட்டுக்காக, பிக்சல் எனும் சிறு சதுரப் புள்ளிகளை அடுக்கி நான் முதன்முதலில் வரைந்த தங்க நாணயம், எலி கொறித்த பிஸ்கட்டைப் போல இருந்தது. ஓரத்தைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று மென்மையான பிரஷ்ஷை எடுத்துச் சுற்றிலும் தேய்த்தேன். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு, பனிமூட்டத்தில் வைத்த பிஸ்கட் கிடைத்தது.

கோளாறு முழுவதும் கோட்டில் இருந்தது. நானோ நிறத்தைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். 1983இல் ஜப்பானில் வெளிவந்த பேமிகாம் என்ற வீடியோ கேம் கருவியில் ஸ்பிரைட் (திரையில் நகரும் சிறு படம்) ஒன்றுக்கு மூன்று நிறங்கள்தான். அதில் ஒன்றை ஓரத்தைப் பூசி மெழுகச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்? புள்ளிகளை எண்ணி வைத்தே வளைவைக் கொண்டுவந்தார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: கருவி

பிக்சல் படம் வரையும் மென்பொருளான ஏஸ்பிரைட் இருந்தால் நல்லது. அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பிஸ்கெல் என்ற இன்னொன்று பிரவுசரிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. கிம்ப் என்ற பட மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் பென்சில் கருவியை எடுங்கள். பிரஷ் வேண்டவே வேண்டாம். அது கேட்காமலேயே ஓரத்தில் அரைகுறை நிறங்களைத் தூவிவிடும். ஏஸ்பிரைட்டில் பென்சில் அளவை 1 என்று வைத்து, ‘பிக்சல் பெர்ஃபெக்ட்’ என்பதற்கு டிக் போடுங்கள். கை ஓடும் வேகத்தில் திருப்பங்களில் விழும் உபரிப் புள்ளிகளை அது எடுத்துவிடும். 16×16 அளவில் புதிய படம் திறந்துகொள்ளுங்கள். பெரிதாக்கித்தான் வரைவோம், ஆனாலும் உண்மையான அளவு பக்கத்தில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். ஏஸ்பிரைட்டில் எஃப்7 விசையை அழுத்தினால் அதற்கான சிறு ஜன்னல் திறக்கும்.

இரண்டாம் படி: எண்ணி வரைதல்

வேலையில் முக்கால்வாசி இதுதான். அவசரப்படாதீர்கள்.

முதல் வரிசையில் இடமிருந்து எண்ணி 6ஆம் கட்டத்திலிருந்து 11ஆம் கட்டம் வரை கறுத்த பழுப்பு நிறத்தில் ஆறு புள்ளிகள் வையுங்கள். இப்போது வலப்பக்கமாக இறங்குவோம். இரண்டாம் வரிசையில் 12, 13. மூன்றாம் வரிசையில் 14 மட்டும். நான்கிலும் ஐந்திலும் 15ஆம் கட்டம். ஆறு முதல் பதினொன்றாம் வரிசை வரை 16ஆம் கட்டம். கால் வட்டம் முடிந்தது. இதை நகலெடுத்துத் திருப்பிப் போட்டால் மற்ற மூன்று கால்களும் வந்துவிடும்.

புள்ளிக் கூட்டங்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: 6, 2, 1, 2, 6. சீராகக் குறைந்து, சீராகக் கூடுகிறது. இப்போது வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்போம். இரண்டாம் வரிசையில் இருக்கும் 13ஆம் கட்டப் புள்ளியை ஒரு வரிசை கீழே இறக்குங்கள். கணக்கு 6, 1, 2, 2, 6 என்று ஆகிவிடும். நகர்ந்தது ஒரே ஒரு புள்ளி. நாணயத்தின் தோள்பட்டையில் சுத்தியலால் தட்டியது போல நசுங்கல் விழுந்திருக்கும். குறைந்துகொண்டே வரும் எண் நடுவில் திடீரென்று ஏறினால் கண் அங்கே இடறும். விளிம்பு எங்கேயோ உறுத்துகிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால் எண்ணிப் பாருங்கள், அகப்பட்டுவிடும்.

வாள், கூரை போன்ற சாய்கோடுகளுக்கு 2, 2, 2, 2 என்று ஒரே எண் போதும். 2, 3, 2, 2, 3 என்று போனால் வாள் நடுங்கும்.

மூன்றாம் படி: இடைநிறம், சிக்கனமாக

கோட்டின் நிறம் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) கணக்கில் 90, 50, 20 என்றும், உள்ளே நிரப்பும் மஞ்சள் 240, 190, 60 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே இருப்பது 165, 120, 40. இதை எங்கே வைப்பது? மேலே இருக்கும் ஆறு புள்ளிக் கோட்டின் வலது நுனிக்கு நேர் கீழே, இரண்டாம் வரிசையின் 11ஆம் கட்டத்தில். அதுதான் படி இறங்கும் மூலை. அதே போல இடது நுனிக்குக் கீழே 6ஆம் கட்டத்தில். நான்கு பக்கமும் இப்படி வைத்தால் மொத்தம் எட்டுப் புள்ளிகள். அவ்வளவுதான், கையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு புள்ளியாக இறங்கும் இடத்தில் இடைநிறம் வைத்தால் கோடு தடித்துப்போகும்.

கோட்டுக்கு வெளியே இடைநிறத்தை வைத்துவிடாதீர்கள். நாணயம் நீல வானத்தின் முன்னும் வரும், இருண்ட குகையிலும் வரும். வானத்துக்காக வெளியே வைத்த வெளிர் புள்ளிகள் குகைக்குள் போனதும் பொடுகு உதிர்ந்தது போலத் தெரியும்.

நான்காம் படி: சேமித்தல்

பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஜேபெக் விளிம்பைச் சுற்றி அழுக்கைப் படியவைக்கும்; ஒளிபுகும் பின்னணியும் அதில் கிடையாது. பெரிதாக்கும்போது 2, 3, 4 என முழு மடங்குகளில் மட்டும் செய்யுங்கள். ஒன்றரை மடங்கு என்றால் சில புள்ளிகள் மட்டும் கொழுத்துவிடும்.

யூனிட்டி, கோடோ போன்ற விளையாட்டு எஞ்சினில் (விளையாட்டை உருவாக்கும் மென்பொருளில்) போட்டதும் எல்லாம் மங்கலாகத் தெரிந்தால் பதறிப்போய்ப் படத்தைத் திருத்தாதீர்கள். நான் ஒரு மாலை முழுவதும் அப்படித் திருத்தி, நன்றாக இருந்த படத்தைக் கெடுத்திருக்கிறேன். யூனிட்டியில் படத்தின் ‘ஃபில்டர் மோட்’ என்பதை ‘பாயின்ட்’ என்றும், ‘கம்ப்ரஷன்’ என்பதை ‘நன்’ என்றும் மாற்றுங்கள். கோடோ 4 என்றால் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ‘டிஃபால்ட் டெக்ஸ்சர் ஃபில்டர்’ என்பதை ‘நியரஸ்ட்’ ஆக்குங்கள். அதன் பிறகும் உறுத்தினால் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய், மறுபடி எண்ணத் தொடங்குங்கள்.