டி செல் ஏற்பி சுவிட்சா, வெறும் செங்குத்து வளைவா? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

நோயெதிர்ப்புச் செல்லான டி செல், தன் மேற்பரப்பிலுள்ள ஏற்பியால் அந்நியப் பொருள்களை உணர்கிறது. அந்த ஏற்பியில் தூண்டலைச் சிறுகச் சிறுகக் கூட்டினாலும், செல்லுக்குள் செய்தி கடத்தும் ராஸ் புரதத்தின் இயக்கம் அதே போக்கில் ஏறுவதில்லை. அணைந்தே கிடந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று பற்றிக்கொள்கிறது. இது, போட்ட பிறகு தூண்டலைச் சற்றுக் குறைத்தாலும் அணையாத சுவிட்சா, ஏறிய வழியிலேயே இறங்கும் செங்குத்து வளைவா என்பதே கேள்வி. சாஸ் என்ற புரதம் ராஸை இயக்குகிறது. இயங்கும் ராஸ் சாஸின் இன்னோர் இடத்தில் ஒட்டி அதன் வேகத்தைப் பல மடங்காக்குகிறது. இந்த நேர்ப் பின்னூட்டத்தை ஒரே சமன்பாட்டில் அடக்கலாம்:

ர மாறும் வேகம் = உ + ர² ÷ (1 + ர²) − 0.55 × ர

ர என்பது இயங்கும் ராஸ், உ என்பது ஏற்பியின் தூண்டல், கடைசி உறுப்பு ராஸை அணைக்கும் நொதிகளின் வேலை. எல்லாமே அலகு நீக்கிய எண்கள். ர-வின் அடுக்கு 2-ஐ 1 ஆக்கினால் சுவிட்ச் போய்விடும்; 0.55-ஐ 0.65 ஆக்கினாலும் அதே கதிதான்.

உ-வை 0 முதல் 0.12 வரை 0.002 வீதம் ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் மாறும் வேகம் 0.000001-க்குக் கீழே போகும்வரை ஓடவிட்டு, கிடைத்த ர-வையே அடுத்த படிக்குத் தொடக்க மதிப்பாகக் கொடுங்கள். பிறகு அப்படியே இறக்குங்கள். ஏறும்போது உ 0.084 ஆகும் படியில் ர சுமார் 0.3-இலிருந்து 1.29-க்குத் தாவும். இறங்கும்போது 0.046 வரும்வரை அணையாது. இந்த இடைவெளிதான் ஹிஸ்டெரிசிஸ்; வரைபடத்தில் ஏறும் பாதையும் இறங்கும் பாதையும் சேர்ந்து ஒரு கண்ணியாகத் தெரியும். ராஸ் விஷயத்தில் இது 2009-இல் சோதனையிலும் காட்டப்பட்டது.

பலரும் சறுக்குவது நிறுத்தும் வரம்பில். தாவும் புள்ளிக்கு அருகே ஓட்டம் ஊர்ந்துதான் போகும். வரம்பை 0.001 என்று தளர்த்தினால் 0.084-இல் கணக்கு பாதியிலேயே நின்று, தாவல் 0.086-க்குத் தள்ளிப்போகும்; கண்ணி இருப்பதைவிட அகலமாகத் தெரியும். சுவிட்சே இல்லாத கணித மாதிரியிலும் இதே அவசரம் போலிக் கண்ணியை உண்டாக்கும். ஒவ்வொரு படியையும் 0-விலிருந்து தொடங்கினாலோ உண்மையான கண்ணியும் காணாமல் போகும்.

செங்குத்தான வளைவைப் பார்த்து ஏமாற வேண்டாம். 10%, 90% பதில் தரும் தூண்டல்களின் விகிதம், வளைவின் செங்குத்தைக் குறிக்கும் ஹில் அடுக்கு 1-க்கு 81, அடுக்கு 4-க்கு 3. ஆனால் அடுக்கு 4 வளைவும் ஏறிய வழியிலேயே இறங்கலாம்; அதற்கு நினைவு கிடையாது. ஏற்பியில் ஒட்டிய மூலக்கூறு விலகுமுன் பல படிகளைத் தாண்டினால்தான் செய்தி போகும் என்ற படிப்படிச் சரிபார்ப்பும் அப்படித்தான். 5 படிகள், நொடிக்கு ஒன்று என்ற வேகம் என்றால், சராசரியாக 10 நொடி ஒட்டியிருக்கும் மூலக்கூறு 0.62 வாய்ப்பில் கடைசிவரை போகும்; சராசரியாக 1 நொடி ஒட்டுவது 0.03 வாய்ப்பில். நல்ல வடிகட்டி, அவ்வளவே. அதை உ-வுக்குள் வையுங்கள், பின்னூட்டத்துக்கு மாற்றாக வைக்காதீர்கள்.

சோதனைத் தரவோடு ஒப்பிடும்போது சராசரியைத் தொடாதீர்கள். பாதிச் செல்களில் ராஸ் முழுதாக இயங்கினாலும், எல்லாச் செல்களிலும் பாதி இயங்கினாலும் சராசரி ஒன்றுதான். செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் செல்வாரிப் பரவலில் இரண்டு மேடுகள் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தாலும், முன்பு தூண்டித் தூண்டலைக் குறைத்த செல்களையும் புதிய செல்களையும் ஒரே உ-வில் ஒப்பிட்ட பிறகே சுவிட்ச் என்று எழுதுங்கள்.